ஜில்லுவுக்கு வேர்க்காது

எங்கள் ஊருக்கு அரசாங்கக் கணக்கில் வேலூர் என்று பெயர். ஏப்ரல் பிறந்ததும் நாங்களே அதை வெயிலூர் என்று திருத்திக்கொள்வோம். ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று ஊரைப் பற்றி ஒரு வசனம் உண்டு. சாமி இல்லாத கோயில் என்பதும் அதில் இருந்தது. 1981இல் ஜலகண்டேசுவரரைக் கோட்டைக் கோயிலில் மறுபடி கொண்டுவந்து வைத்து அந்த ஒரு குறையைத் தீர்த்துவிட்டார்கள். மற்றவை அப்படியே இருக்கின்றன. அந்த மொட்டை மலைகள்தான் எங்களுக்கு வில்லன். பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி நாம் பாயை விரிக்கிற நேரம் பார்த்து வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். கடற்காற்று என்று ஒன்று உண்டாம். அது சென்னையிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் வரவேண்டும். வழியில் எங்கேயோ டீ குடிக்க இறங்கிவிடுகிறது. 'சதமடித்த வெயில்' என்று பேப்பரில் ஊர்ப்பட்டியல் போடும்போது எங்கள் ஊர்தான் பெரும்பாலும் தொடக்க ஆட்டக்காரர்.

இப்படிப்பட்ட ஊரில், கத்திரி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, உடம்பு பூராவும் கம்பளி போர்த்திய ஒரு பிராணியை நான் காசு கொடுத்து வாங்கினேன்.

மகள் கேட்டது நாய்க்குட்டி. முழுப் பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருகிறேன் என்று, அவள் எடுக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் சொல்லியிருந்தேன். எடுத்துவிட்டாள். பேரம் பேசி நாயிலிருந்து பூனைக்கும், பூனையிலிருந்து முயலுக்கும் இறக்கினேன். "முயல்னா சத்தமே போடாது. ஒரு மூலையில கிடக்கும். கேரட் போட்டா போதும்" என்று வீட்டாருக்கு மூன்று உத்தரவாதம் கொடுத்தேன். மூன்றும் தப்பு. வெள்ளை வெளேரென்று பஞ்சுமாதிரி இருந்ததால் மகள் அதற்கு ஜில்லு என்று பெயர் வைத்தாள். மே மாத வேலூரில் ஜில் என்று இருந்தது அந்தப் பெயர் மட்டும்தான்.

கூண்டை எங்கே வைப்பது என்பதில் முதல் நாளே என் நிர்வாகத் திறமை வெளிப்பட்டது. மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை சும்மாதானே கிடக்கிறது, காற்றோட்டமாக இருக்குமே என்றேன். அம்மா குடியாத்தத்துக்காரி, வார்த்தையை வீணாக்க மாட்டாள். "அங்க வெய்யிடா. சாயங்காலம் மசாலா மட்டும் அரைச்சாப் போதும்" என்றாள். மகள் அழுதாள். கூண்டு கூடத்துக்கு வந்தது.

அடுத்ததாக நான் செய்த தப்பு ஒரு தெர்மாமீட்டர் வாங்கியது. அது வரும்வரை எனக்கு வேர்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தது. வந்த பிறகு பயமும் சேர்ந்துகொண்டது. முயலைப் பற்றிப் படித்ததில், அதற்குச் சுகமான வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் பக்கம்; 27, 28ஐத் தாண்டினாலே அதற்குச் சிரமம் என்று தெரிந்தது. எங்கள் கூடத்தில் காலை எட்டு மணிக்கே 33. அன்று பேப்பரில் 106 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 41 செல்சியஸ். முயலின் உடம்புச் சூடே சாதாரணமாக 40ஐத் தாண்டாது. வாசற்கதவைத் திறந்தால் முயலைவிடச் சூடான ஊர் உள்ளே வருகிறது.

உடனே கூடத்திலிருந்த டேபிள் ஃபேனைக் கழற்றி ஜில்லுவின் முகத்துக்கு நேராக வைத்தேன். அந்த ஃபேன் பன்னிரண்டு வருடமாக என் பக்கம் மட்டுமே திரும்பியிருந்தது. பக்கவாட்டில் அசையும் குமிழை நான் யாரையும் தொடவிட்டதில்லை. மனைவி அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததற்கான கணக்கு பிறகு வந்தது.

இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணி. ஞாயிற்றுக்கிழமை. போய்ப் பார்க்கிறேன், ஜில்லு ஒருக்களித்துச் சாய்ந்து, பின்னங்கால்கள் இரண்டையும் நீட்டி, கண்ணைத் திறந்தபடி கிடக்கிறது. கூப்பிட்டேன். அசைவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. துண்டில் சுருட்டி, காய்கறிக் கூடையில் போட்டு, ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு பறந்தேன். தார்ச்சாலை நெளிந்தது. ஹெல்மெட்டுக்குள் என் மூளை பாதி வெந்த பதத்தில் இருந்தது. கால்நடை மருத்துவர் வீட்டு வாசலில் நின்று, "டாக்டர், பேச்சு மூச்சில்ல" என்றேன்.

கூடைக்குள்ளிருந்து இரண்டு காதுகள் எழும்பி அவரைப் பார்த்தன.

"எப்ப பாத்தீங்க?"

"ரெண்டு மணிக்கு."

"முயலு விடிகாலையும் அந்தி நேரமும்தான் ஓடியாடும். ரெண்டு மணிக்குத் தூங்கும்."

"கண்ணு திறந்திருந்துச்சே டாக்டர்."

"கண்ணைத் திறந்துகிட்டே தூங்கும் சார். நீங்க ஆபீஸ்ல தூங்கினதே இல்லையா?"

பிறகு வெயில் தாக்கினால் என்ன அறிகுறி என்று வகுப்பெடுத்தார். வாயைத் திறந்து மூச்சு வாங்கும், எச்சில் ஒழுகும், காது சிவந்து கொதிக்கும், நடை தள்ளாடும். "இதுல உங்க முயல்கிட்ட ஒண்ணுகூட இல்ல. உங்ககிட்ட மூணு இருக்கு. முதல்ல உக்காருங்க" என்று எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். மத்தியான வெயிலில் கூடையில் வைத்துத் தூக்கி வந்ததுதான் அன்றைக்கு அந்த முயலுக்கு நேர்ந்த ஒரே ஆபத்து என்பதையும் சொன்னார். அவசரம் இல்லையென்றால் விடிகாலையில் வா, இல்லை பொழுது சாய்ந்து வா; கூடையில் ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி வை. நிஜமாகவே வெயில் தாக்கியிருந்தால் வழியெல்லாம் காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே வா. ஐஸ் தண்ணீரில் மட்டும் முக்கிவிடாதே, அதிர்ச்சியில் போய்ச் சேர்ந்துவிடும். அரை நாளுக்கு மேல் இரை எடுக்காமல் இருந்தால் மட்டும் நேரம் காலம் பார்க்காதே, நடு ராத்திரியானாலும் வந்து கதவைத் தட்டு.

ஃபேன் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். "ஃபேன் எதுக்கு சார்? நமக்கு வேர்க்குது. காத்து பட்டு அந்த வேர்வை ஆவியாகுது, உடம்பு குளிருது. முயலுக்கு நம்மளமாதிரி வேர்க்காது. காதுல ஓடுற ரத்தம் வழியாத்தான் சூட்டை வெளியில தள்ளும். கொதிக்கிற காத்தை அது மூஞ்சில அடிச்சீங்கன்னா அது ஹேர் டிரையர்." கிளம்பும்போது, முடியைக் கத்தரித்துவிட்டால் கொஞ்சம் காற்றாட இருக்குமே என்று கேட்டேன். எங்கள் ஊரில் கத்திரி என்றால் ஒன்று வெயில், இன்னொன்று புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்திரிக்காய். மூன்றாவதான கத்திரிக்கோலை முயல் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்றார். தோல் அவ்வளவு மெல்லிசாம், கிழிந்துவிடுமாம். சீப்பு வைத்து உதிர்கிற முடியை எடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்து திட்டத்தை மாற்றினேன். ஒரு லிட்டர் பாட்டில் நான்கில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் வைத்து, இரண்டிரண்டாகத் துணியில் சுற்றி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது. கேட்க எளிது. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். ஃப்ரீசர் என்பது ஒரு சாப்பாட்டு டப்பா அளவு. பாட்டில்கள் உள்ளே போக, மகனின் குல்ஃபி வெளியே வந்து உருகியது. நான் மணிக்கொருதரம் கதவைத் திறந்து பாட்டில் உறைந்ததா என்று பார்க்க, மாவு புளித்தது. அந்த வார தோசையெல்லாம் முகத்தைச் சுளிக்க வைக்கும் ரகம். போதாக்குறைக்கு, ஃப்ரிட்ஜ் உள்ளேயிருந்து எடுக்கும் சூட்டை முதுகுப் பக்கமாக அடுப்படிக்குள்தான் விடுகிறது. ஆக, முயல் குளிரக் குளிர மனைவி வெந்துகொண்டிருந்தாள். பௌதிகம் தெரிந்து செய்த பாவம் அது. தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டேபிள் ஃபேன் கதையையும் முடித்துவிடுகிறேன். முயலுக்கு முன்பல் வாரத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் வளரும். தேய்க்க ஏதாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த புல்லும் அருகம்புல்லும் போட்டால் அதிலேயே தேய்ந்துவிடும். நான் போட்டுக்கொண்டிருந்தது கேரட். அது முயலுக்கு மிட்டாய்மாதிரி, எப்போதாவது ஒரு துண்டு போதும். ஆகவே ஜில்லு ஃபேன் ஒயரைத் தேர்ந்தெடுத்தது. அது பல்லை வைத்த நேரம் கரண்ட் போயிருந்தது. மின்வெட்டுக்கு நான் வாழ்நாளில் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து பிள்ளையாருக்கு எப்போதாவது போகும் அருகம்புல், ஜில்லுவுக்குத் தினமும் வருகிறது. கொத்தமல்லியை அலசி, உதறாமல் ஈரத்தோடு போடுகிறோம். இலையோடு தண்ணீரும் உள்ளே போகும். குழாய் வைத்த பாட்டிலை எடுத்துவிட்டு மண் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். நன்றாகக் குடிக்கிறது.

நான்காம் நாள் கூண்டு காலியாக இருந்தது. வீடு பூராவும் தேடினோம். அம்மாதான் கண்டுபிடித்தாள். பின்கட்டில் அவள் மண்பானை வைத்திருக்கிறாள். ஆற்று மணலைக் கொட்டி, தினம் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் பானை; பானையைச் சுற்றி ஈரச் சாக்கு. 'அம்மா, வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?' என்று நான் வருடா வருடம் கேலி செய்யும் ஏற்பாடு. ஜில்லு அந்த மணலைப் பறித்து, பானையின் வயிற்றில் முதுகை ஒட்டிக்கொண்டு, ராஜா இல்லாத கோட்டைக்கு ராஜா வந்ததுபோல் படுத்திருந்தது. முயலின் பரம்பரை ஸ்பெயின் பக்கத்துப் பரம்பரை. வெயில் வந்தால் மண்ணுக்கடியில் வளை தோண்டிப் போய்விடும் சாதி. என் நான்கு பாட்டில்களையும் தெர்மாமீட்டரையும் தாண்டி, வீட்டிலேயே குளிர்ச்சியான இரண்டடி இடத்தை அது தானாகக் கண்டுபிடித்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் படித்தது அப்போதுதான் உறைத்தது. ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி. நான் ஃப்ரீசரைத் திறந்து மூடிச் செய்ததைப்போல் கிராமுக்கு ஏழு மடங்கை, அம்மா ஒரு கிழிந்த சாக்கை வைத்துச் செய்துகொண்டிருந்தாள். வேலூர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் இங்கே சாக்கு நன்றாக வேலை செய்யும்; சென்னைப் புழுக்கத்தில் இவ்வளவு செய்யாது. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். "இன்னாடா, பானைத் தண்ணி ஜில்லுனு இருக்கும்னு சொல்ல எண்பது, ஐந்நூத்து எண்பதுன்ற" என்றாள்.

ஆனால் ஈரத்தில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவரிடம் போனில் கேட்டேன். சுற்றுப்புறம் ஈரமாக இருக்கலாம், முயல் ஈரமாக இருக்கக்கூடாது என்றார். வால் பக்கம் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் ஈ வந்து முட்டையிடும். புழு வைத்தால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து. ஆகவே ஈரச் சாக்கு பக்கத்தில் தொங்கவேண்டும். முயல் படுக்க, உலர்ந்த டைல்ஸ் போடவேண்டும். குளியலறை வேலையில் மிச்சமான இரண்டு பெரிய டைல்ஸைக் கழுவிப் பானைப் பக்கத்தில் போட்டோம். பக்கத்திலேயே ஒரு தட்டில் அதற்கென்று உலர்ந்த மணல், கொஞ்சம் பறித்து விளையாட. தினம் காலையில் வால் பக்கத்தைத் தூக்கிப் பார்ப்பது என் வேலை. வேறு யாரும் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவில்லை.

இந்த நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பினார். "சார், நீங்கதான் இந்த மாதிரி ஜீவனெல்லாம் நல்லா பாத்துக்கறீங்களாமே" என்று நான்கு லவ் பேர்ட்ஸைக் கூண்டோடு எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். வேலூரின் மனிதர்கள் ஊட்டிக்குப் போக, அவர்களின் பறவைகள் வேலூருக்குள்ளேயே கோடை சுற்றுலா வந்தன. நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடும் இந்தக் குட்டிக் கிளிகளின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறட்சிப் பகுதி, அதனால் வெயில் ஒன்றும் அவற்றுக்குப் புதிதில்லை என்று நினைத்து அசட்டையாக இருந்தேன். காட்டில் அவை நிழலுக்கும் தண்ணீருக்கும் பறந்துபோகும். கம்பிக்குள் எங்கே போகும்? மறுநாள் நான்கும் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து மூச்சு வாங்கின. ஆபீஸ் விட்டு வந்ததும் நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஃபேனுக்கடியில் நிற்பேனே, அதே நிலை. பறவைக்கும் வேர்ப்பதில்லையாம். இந்த வீட்டில் வேர்க்கிற ஜாதி நாங்கள் மட்டும்தான்.

கூண்டை உள்ளே கொண்டுவந்து, குளிக்க அகலத் தட்டில் தண்ணீர் வைத்து, மாலையில் லேசாகத் தெளித்தோம். தெளிந்துவிட்டன. தெளிந்ததும் பறக்க ஆசைப்பட்டன. மகள் அவற்றுக்குத் தினம் அரைமணி நேரம் சுதந்திரம் வேண்டும் என்றாள். பறவை வெளியே இருந்தால் சீலிங் ஃபேன் ஓடக்கூடாது, ஜன்னலும் திறக்கக்கூடாது. ஆகவே 106 டிகிரியில், ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, குடும்பமே வட்டமாக உட்கார்ந்து, தலைக்கு மேல் நான்கு பறவைகள் காற்று வாங்குவதை வேர்த்து ஊற்றப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து வந்த கேஸ்காரர் சிலிண்டரை வைத்துவிட்டுக் காசைக்கூட எண்ணாமல் போனார்.

மீன் தொட்டி வேறு இருக்கிறது. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போனதும் காற்றுக்குமிழி மோட்டார் நின்று, மூன்று கோல்டு ஃபிஷ்ஷும் மேலே வந்து வாய் பிளந்தன. நான் ஐஸ் கட்டியோடு ஓடினேன். மகள் தடுத்துவிட்டாள், சூடு திடீரென்று மாறினாலும் மீன் தாங்காது. தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் காற்று கலக்கும் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். கரண்ட் வர மூன்று மணியானது. நடுச்சாமத்தில், லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, இருட்டில், ஒரு குடும்பத் தலைவன் தொட்டிக்கு அபிஷேகம் செய்துகொண்டிருந்ததை ஜில்லு மட்டும் பார்த்தது. அது ராத்திரியில் நன்றாக விழித்திருக்கும்.

ஜில்லு சத்தம் போடாது என்றேன் அல்லவா? போடும். ஆபத்து என்று தோன்றினால் பின்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி அறையும். மண்ணுக்கடியில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு எச்சரிக்கையாம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் சொந்தக்காரர் இல்லை என்பதை இரண்டு முறை வந்து நினைவூட்டினார்.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் பேப்பரில் 108 என்று போட்டான். அந்த மதியம் பின்கட்டு மணலே வெதுவெதுத்தது. சாப்பிடும்போது நான் பெருந்தன்மையாக, "ஒரு ஏசி வாங்கிடலாமான்னு பாக்கறேன். பாவம், முயலுக்கு வேர்க்காதாம்" என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவது வழக்கம். போனாள்.

"ஏங்க, ஏழு வருஷமா நான் கேக்கறேன். கரண்டு பில்லு எகிறும்னீங்க. ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் ஃப்ரீ, அதுக்குள்ள குடும்பம் நடத்தறவதான் புத்திசாலின்னீங்க. பெரியவன் அம்மை போட்டுப் படுத்திருந்தப்ப வேப்பிலை வீசினாப் போதும்னீங்க. எனக்கு வேர்க்குதே, அதுவாங்க தப்பு? வேர்க்காம இருந்திருந்தா எனக்கும் வாங்கியிருப்பீங்களா?"

பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது. உள்ளே மோர்சோறு இருந்தது. ஏசி இன்னும் வரவில்லை. வந்தால் எந்த அறையில் மாட்டுவது என்பது முடிவாகிவிட்டது. அந்த அறையில் நான் இல்லை, முயலும் இல்லை.

அன்றிலிருந்து டேபிள் ஃபேன், ஒயர் மாற்றப்பட்டு, அடுப்படியில் இருக்கிறது. அசையும் குமிழ் அவள் கையில். அம்மாவுக்கு ஜன்னலில் வெட்டிவேர் தட்டி. பிள்ளைகளுக்குக் கூடத்து ஃபேன். மிச்சமிருந்த குளிர்ச்சி பின்கட்டில் ஜில்லுவின் டைல்ஸ். அதன் பக்கத்தில் வெற்றுத் தரையில், ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு நானும் படுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் ஜில்லு என்னை முகர்ந்து பார்த்தது. இரண்டாம் நாள் லுங்கி ஓரத்தைக் கடித்தது. அது நல்ல குடியாத்தம் லுங்கி, அம்மாவுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் டைல்ஸில் பாதியை விட்டுக்கொடுத்தது.

அப்படிப் படுத்திருந்த ஒரு மாலையில்தான் எதிர்வீட்டுக்காரர் ஊட்டியிலிருந்து திரும்பி, பறவைகளை வாங்கிப்போக நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். பானைக்கும் முயலுக்கும் நடுவே தரையோடு தரையாகக் கிடந்த நான் எழுந்து உட்கார்ந்தேன்.

"தூங்கறீங்களா சார்? தொந்தரவு பண்ணிட்டேன். எப்படிப் போச்சு இங்க? எங்களுக்கு அங்க முடியல சார். என்னா குளிரு! ராத்திரி ரெண்டு கம்பளி போட்டும் நடுங்குது. பசங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சிடுச்சு. வெயிலே இல்ல சார், என்ன ஊரோ" என்றார். பறவைகளைப் பார்த்து, கொஞ்சம் பெருத்திருக்கின்றன என்று சந்தோஷப்பட்டார். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலம் வர்க்கியும், எனக்கென்றே ஊட்டி மார்க்கெட்டில் பொறுக்கி எடுத்ததாக ஒரு கம்பளி மங்கி குல்லாவும் எடுத்துக் கொடுத்தார். அரக்கு நிறம். காதையும் கழுத்தையும் மூடும் ரகம்.

அவர் போன பிறகு நான் அதை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளி தண்ணீரை நிறையக் குடிக்கும், மெதுவாகத்தான் காயும். கிராமுக்கு 580. எழுந்துபோய்ப் பானைத் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு, குல்லாவை நன்றாக நனைத்து, பிழிந்து, காது மூட மாட்டிக்கொண்டு டைல்ஸில் வந்து உட்கார்ந்தேன். காதுவழியாகக் குளிர்ச்சி இறங்கியது.

ஜில்லு இரண்டு காதையும் நிமிர்த்தி என்னைப் பார்த்தது. பின்னங்காலைத் தூக்கித் தரையில் ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டு, பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.